பொறிவாளும் புட்டி மூடியும்

மரத்தில் உருவம் செய்பவனுக்கு உளியே உயிர்த்துணை. உளி மெல்லச் செல்வது; கைக்கு அடங்குவது; கண் காட்டிய வழியே நடப்பது. அவ்வுளியைக் கீழே வைத்துவிட்டு, காட்டில் மரம் வீழ்த்துவோர் கையாளும் பொறிவாளை ஒரு சிற்பி எடுத்தார் என்றால், கலையறிந்தோர் முகம் சுளிப்பது இயல்பேயாகும். சங்கிலியில் கோத்த இரும்புப் பற்கள் சுழன்றோட, காதைத் துளைக்கும் பேரோசையோடு, ஆளுயர அடிமரத்தையும் சிறு பொழுதில் துண்டாக்கும் கருவி அது. அது தொட்ட இடத்தில் வழவழப்பு இராது, வடுவே எஞ்சும். அதனைக் கொண்டு சிற்பம் செய்வதா?

செய்தார் ஒருவர். அவர் பெயர் எல் அனாட்சுயி. ஆப்பிரிக்காவின் மேலைக் கரையில் உள்ள கானா நாட்டிற் பிறந்து, நைசீரியா நாட்டில் ஆசிரியராய் வாழ்ந்தவர். 1980ஆம் ஆண்டில், தம் முப்பத்தாறாம் வயதில், அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் கம்மிங்டன் என்னும் மலைநாட்டுச் சிற்றூருக்கு அவர் சென்றார். பிரயண்டு என்னும் அமெரிக்கக் கவிஞர் பிறந்த ஊர் அது. அங்கே கலைஞர்க்கென ஓர் உறைவிடம் அந்நாளில் நடைபெற்று வந்தது. அவ்விடத்தேதான் பொறிவாளை அவர் முதன்முதல் சிற்பக் கருவியாகக் கையில் எடுத்தார்.

கலைஞர் உறைவிடம் என்பது யாது? ஓவியர், சிற்பியர், எழுத்தாளர் முதலியோரை விருந்தினராக ஏற்று, தங்குவதற்கு அறையும் தொழில் செய்வதற்குக் கூடமும் தந்து, சில கிழமைகளோ சில திங்களோ அவரவர் பணியில் மூழ்கியிருக்கச் செய்யும் இடம் அது. புலவரைப் பேணிய வள்ளல்களின் கதை நமக்குப் புதிதன்று. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. உறைவிடத்தில் தங்குபவர் புரவலரைப் பாட வேண்டுவதில்லை. பலவிடங்களில், இன்ன பொருளைச் செய்து முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அங்கே அவர் பெறும் பெரும்பரிசு சோறும் கூரையும் அல்ல. வீட்டில் இருந்த கருவி அங்கே இல்லை. பழகிய மரம் இல்லை. அறிந்த மொழியும் பல வேளைகளில் இல்லை. பழக்கம் என்னும் ஊன்றுகோல் கையைவிட்டு நழுவுகிறது. அப்பொழுது கால் தள்ளாடுவாரும் உளர். புதுநடை கற்பாரும் உளர். அனாட்சுயி இரண்டாம் வகையினர். அவர் கற்ற நடையின் அருமையை உணர, அவர் நடந்து வந்த வழியைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

அனாட்சுயி 1944ஆம் ஆண்டு அன்யாக்கோ என்னும் ஊரிற் பிறந்தார். கடலை அடுத்த கேட்டாக் காயலின் கரையில் அமைந்தது அவ்வூர். அங்கு வாழ்வோர் ஏவே இனத்தார். மீன் பிடிப்பதும் துணி நெய்வதும் அவர்தம் தொழில்கள். அவருடைய தந்தையாரும் வலை வீசியவர், தறியும் நெய்தவர். முப்பத்திரண்டு மக்களுள் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அனாட்சுயி. இளமையிலேயே தாயை இழந்ததனால், கிறித்தவ குருவாக இருந்த மாமன் இல்லத்தில் வளர்ந்தார். ஆகவே வீட்டுத் தொழிலாகிய நெசவு அவர் கைக்கு வரவில்லை. நெசவு அறியாத அந்த நெசவாளர் மகனின் படைப்புகளை, பின்னாளில் உலகத்தார் கண்டவுடன், 'இது துணியோ!' என்று வியந்தனர். விதியின் விளையாட்டு என்பது இதுதான் போலும்!

அக்காலத்தில் அந்நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் 'தங்கக் கரை' என வழங்கிற்று. 1957இல் விடுதலை பெற்றுக் கானா என்னும் பெயர் பூண்டது. அனாட்சுயிக்கு அப்பொழுது வயது பதின்மூன்று. விடுதலைக் கொடி பறந்த நாட்டில், கலைக் கல்லூரியிலோ பழைய பாடமே நடந்தது. குமாசி நகரில் 1964 முதல் ஐந்தாண்டுகள் அவர் பயின்றபோது, கற்பிக்கப்பட்டவை பெரும்பாலும் ஐரோப்பியக் கலை முறைகளே. தம் மண்ணின் சிற்பம் எது, ஓவியம் எது என்று வகுப்பறையில் சொல்வார் அரியர். மாணவர் மனம் அமைதி கொள்ளவில்லை. அதே ஊரில் இருந்த பண்பாட்டு நிலையத்திற்கு அவர் நடந்தார். அங்கே தறி ஓசையும் முழவு ஓசையும் கேட்டன. நெசவாளரும், மரம் செதுக்குவோரும், துணிக்கு அச்சிடுவோரும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டிருந்தனர். பட்டம் தந்த கல்லூரி ஒன்று. பாடம் தந்த கல்லூரி இதுவேயாகும்.

அங்கே அவர் கண்டவற்றுள் 'அதிங்க்ரா' என்னும் குறிகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அசாந்தி மக்கள் சுரைக்குடுக்கையின் ஓட்டில் அச்சு வெட்டி, மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து, துணியில் ஒற்றும் குறிகள் அவை. ஒவ்வொன்றும் ஒரு கருத்தைச் சொல்லும். முன்னோக்கி நடந்துகொண்டே பின்னோக்கித் திரும்பிப் பார்க்கும் பறவை ஒரு குறி. 'விட்டு வந்ததைத் திரும்பிச் சென்று எடுத்துக் கொள்' என்பது அதன் பொருள். இவ்வாறு ஒரு வாக்கியத்தையே ஒரு வடிவத்திற்குள் அடக்கிய மக்களைக் கலையறியாதவர் என்று எவர் கூறுவார்? ஆயினும் கூறினர், நெடுங்காலம் கூறினர்.

படிப்பு முடிந்ததும் வின்னேபா என்னும் கடற்கரை ஊரில் ஆசிரியர் பணி கிடைத்தது. அங்குள்ள சந்தையில் வணிகப் பெண்டிர் மீனையும் பிற பண்டங்களையும் பரப்பி வைக்கும் வட்டமான மரத்தட்டுகளை அவர் கண்டார். இரும்புக் கம்பியைக் காய்ச்சி அத்தட்டுகளில் குறிகளைச் சுட்டுப் பொறித்தார். பளிங்கும் வெண்கலமும் வேண்டும் என்று அவர் ஏங்கவில்லை. எந்த ஊரில் இருக்கின்றாரோ அந்த ஊர்ச் சந்தையே அவர்க்குப் பண்டகசாலை ஆயிற்று.

1975இல் நைசீரியாவின் கிழக்குப் பகுதியில் உள்ள சூக்கா என்னும் பல்கலைக்கழக ஊருக்கு அவர் பெயர்ந்தார். அங்கே களிமண் அவர் கைக்கு வந்தது. 'உடைந்த பானைகள்' என்று ஒரு வரிசையே செய்தார். குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை என்பது நம் பழமொழி. உடைந்த பானைக்காக நாம் இரங்குகிறோம். மேலை ஆப்பிரிக்க மக்களோ பானையின் ஓட்டைக் குப்பையில் எறிந்துவிடுவதில்லை. அடுத்த வீட்டிலிருந்து நெருப்பு வாங்கி வர அது உதவும். தெய்வத்திற்குப் படையல் வைக்கவும் அதுவே தட்டாகும். முழுப் பானைக்கு ஒரு வேலை. உடைந்த ஓட்டிற்குப் பல வேலை. நைசீரியாவில் ஈராயிரம் ஆண்டுகட்கு முன் நோக் நாகரிகத்தார் செய்த சுடுமண் உருவங்கள், மண்ணுக்குள்ளிருந்து பெரும்பாலும் சிதைந்த நிலையிலேயே கிடைத்துள்ளன. அவற்றையும் அவர் எண்ணிப் பார்த்தார். சிதைவு என்பது முடிவன்று என்ற எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது. அந்த எண்ணத்தோடுதான் 1980இல் அவர் கடல் கடந்து கம்மிங்டன் சென்றார்.

கம்மிங்டனில் அவர் பொறிவாளை எடுத்தது விரைவு கருதி மட்டும் அன்று. அறுக்கும்போதே அவர் ஒன்றைக் கண்டார். உளி மரத்தோடு பேசும், பொறிவாள் பேசுவதில்லை. நார் எவ்வழி ஓடுகிறது, கணு எங்கே இருக்கிறது என்பவற்றை அது பார்ப்பதில்லை. நினைத்த இடத்தில் கோடு கிழித்துக்கொண்டு போகும். இந்தக் கொடுமை வேறோரிடத்திலும் நடந்தது அன்றோ? 1884ஆம் ஆண்டின் இறுதியிலும் 1885ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், செருமனியின் தலைநகராகிய பெர்லினில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி, ஆப்பிரிக்காவை யார் யார் எவ்வாறு உரிமை கொள்வது என்பதற்கு விதிமுறை வகுத்தன. ஆப்பிரிக்கர் ஒருவரும் அந்த அவையில் இடம் பெறவில்லை. பின்பு சில ஆண்டுகளுக்குள் நிலப்படத்தின்மீது கோடுகள் ஓடின. ஒரே மொழி பேசிய மக்கள் இரு நாட்டார் ஆயினர். அனாட்சுயியின் ஏவே இனத்தாரே அதற்குச் சான்று. இன்று அவர்களிற் சிலர் கானா நாட்டினர், சிலர் டோகோ நாட்டினர். தம் குலத்தின் நெஞ்சில் ஓடிய அந்தக் கோட்டை, மரத்தில் ஓடிய வாளின் வடுவில் சிற்பி கண்டார். வடுவை இழைத்து மறைக்க அவர் விரும்பவில்லை. மறைத்தால் பொய்யாகும் அன்றோ?

உறைவிடத்திலிருந்து அவர் திரும்பிக் கொண்டுவந்த செல்வம் இக்கருவியே. சூக்காவில் அவருடைய பட்டறையின் முறையே மாறிற்று. வெவ்வேறு நிறமுடைய வெப்பநாட்டு மரங்களை ஒடுங்கிய பலகைகளாக அறுப்பார்; பலவற்றை வரிசையாக அடுக்குவார்; அடுக்கின்மேல் பொறிவாளை ஓட்டுவார்; தீ நாவால் கருக்குவார்; சிலவிடங்களில் வண்ணம் தீட்டுவார். பலகைகளை அடுத்தடுத்துச் சுவரில் நிறுத்தினால், முழுச் சிற்பம் ஆகும். 'கென்டே' என்னும் கானா நாட்டுத் துணியும் இவ்வாறே அமைவது. ஒரு சாண் அகலமும் இல்லாத நாடாக்களாக நெய்து, பின்பு பக்கம் பக்கமாக வைத்துத் தைப்பர். மாமன் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கிட்டாத தறி, மரத்தின் வழியே கிட்டிற்று எனலாம். பலகைகளின் வரிசையை வாங்கியவர் தம் விருப்பம்போல் மாற்றியும் வைக்கலாம் என்று அவர் விட்டது அதனினும் வியப்பு. தாம் செய்த பொருளின் முடிவை இன்னொருவர் கையில் ஒப்படைக்க எத்தனை கலைஞர்க்கு மனம் வரும்?

அதன்பின் வேற்றூர்ப் பட்டறைகள் அவர்க்குப் பழக்கமாயின. அவ்வூர்களிலும் அவர் தேடியது அங்கே கிடக்கும் பொருளையே. 1992இல் பிரேசில் நாட்டில் உலகச் சுற்றுச்சூழல் மாநாடு கூடிய ஆண்டு, அமேசான் காட்டு நகரமாகிய மனாவுசுக்கு அவர் அழைக்கப்பட்டார். அங்கே ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள ஓர் அடிமரத்தைத் தெரிந்துகொண்டு, அதன் உடல் முழுதும் நுண்ணிய குறிகளைச் செதுக்கினார். செதுக்கி முடிந்தபின், அதே மரத்தைப் பொறிவாளால் மேலிருந்து கீழாகச் சிதைத்தார். சிதறிய சிராய்களையும் தூளையும் கூட்டித் தள்ளாமல், மரத்தின் அடியிலேயே குவித்து வைத்தார். 'அரிப்பு' என்பது அச்சிற்பத்தின் பெயர். வெள்ளம் வந்தால் மண் அரிக்கப்படும். வேற்றார் வந்தால் முன்னோர் எழுதிய எழுத்தும் அரிக்கப்படும். இன்று அது வாசிங்டன் நகரில் ஆப்பிரிக்கக் கலைக்கென அமைந்த அருங்காட்சியகத்திற்கு உரியது.

டென்மார்க்கு நாட்டில் 1996இல் செய்த பணி இன்னும் நெஞ்சைத் தொடுவது. கடற்கரையில் அலை ஒதுக்கிய மரக்கட்டைகளை அவர் பொறுக்கினார். உப்பு நீரில் நெடுநாள் ஊறி, முனை தேய்ந்து, நிறம் வெளுத்த கட்டைகள். அவற்றைச் சிறிதும் பெரிதுமாக மனிதர் கூட்டம்போல் நிறுத்தி, தலையும் உடலும் அமைத்து, இரும்பு ஆணிகளால் இணைத்தார். 'அக்குவாவின் எஞ்சிய மக்கள்' என்று அதற்குப் பெயர். டென்மார்க்கிற்கும் அவர் ஊருக்கும் என்ன உறவு? அவர் பிறந்த காயலை அடுத்த கேட்டாக் கடற்கரையில், 1784ஆம் ஆண்டு டேனியர் கட்டிய கோட்டை ஒன்று இன்னும் இடிந்து நிற்கிறது. அடிமைகளாகப் பிடிபட்டவர்களை அடைத்துவைத்துக் கப்பலேற்றிய இடம் அது. கடலில் மாண்டவர் எத்துணையர்! கரை ஏறியவர் எத்துணையர்! டேனியர் மண்ணில் ஒதுங்கிய கட்டைகளை அவர் ஏன் மனிதராக எழுப்பினார் என்பதற்கு இதைவிட வேறு உரை வேண்டுவதில்லை.

இவ்வளவும் செய்தும், அவர் பெயர் உலகெங்கும் பரவச் செய்தது வேற்றூர்ப் பொருள் அன்று. தம் ஊர்ப் புறத்தே கிடந்த ஒரு குப்பைப் பை. 1998ஆம் ஆண்டளவில் சூக்காவின் புதரோரத்தில் அதனை அவர் கண்டார். அதனுள் இருந்தவை மதுப்புட்டிகளின் அலுமினிய மூடிகள். பட்டறைக்குக் கொண்டுவந்து ஒரு மூலையில் போட்டார். என்ன செய்வதென்று உடனே தோன்றவில்லை. நெடுநாள் அவை அங்கேயே கிடந்தன. தோன்றாதபோது வாளா இருப்பதும் கலைஞன் செய்யும் வேலைகளுள் ஒன்று. இதனை இக்காலத்தார் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பின்பு ஒருநாள் வழி பிறந்தது. மூடியைப் பிரித்துத் தட்டித் தகடாக்கினார், சிலவற்றை மடித்தார், சிலவற்றை முறுக்கினார், சிலவற்றின் வட்டத் தலையை மட்டும் எடுத்தார். ஓரங்களில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்தார். சிவப்பும், மஞ்சளும், கருமையும், வெள்ளிநிறமும் கலந்து, சுவரை மறைக்கும் பெருந்திரை எழுந்தது. தொலைவில் நின்று காண்போர்க்கு அது பொன்னிழைப் பட்டு. அருகில் வந்தால், மதுவின் பெயர் அச்சிட்ட மூடி! தொடக்கத்தில் செய்த 'ஆணின் ஆடை', 'பெண்ணின் ஆடை' என்னும் இரண்டும் இலண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் சேர்ந்தன.

அந்த மூடிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பிய வணிகர் மேலை ஆப்பிரிக்கக் கரைக்குக் கொணர்ந்த பண்டங்களுள் மதுவும் ஒன்று. மதுவும் துப்பாக்கியும் துணியும் கொடுத்து அவர்கள் ஆட்களை வாங்கினர். அவ்வாட்கள் அட்லாண்டிக்குக் கடலுக்கு அப்பால் கரும்புத் தோட்டத்தில் உழைத்தனர்; கரும்பிலிருந்து மீண்டும் மது வடிக்கப்பட்டது. ஆகவே மூன்று கண்டங்களையும் கட்டிய கயிறு அப்புட்டிக்குள் இருந்தது. சிற்பி அதனை வெளியே இழுத்துச் செப்புக் கம்பியாக முடிந்தார்.

ஒரு திரைக்குப் பல்லாயிரம் மூடிகள் வேண்டும். தனி ஒருவரால் ஆகும் செயல் அன்று. சூக்காவின் இளைஞர் பலர் நாட்கூலி பெற்றுப் பட்டறையில் அமர்ந்து மூடிகளைத் தட்டிக் கோத்தனர். ஒருவர் முடிச்சு இறுக்கமாயிருக்கும். மற்றொருவர் முடிச்சு நெகிழ்ந்திருக்கும். அந்த வேறுபாட்டை ஆசிரியர் திருத்தவில்லை. துண்டு துண்டாக வந்தவற்றைத் தரையில் பரப்பி, மேலே நின்று நோக்கி, நிழற்படம் எடுத்துப் பார்த்து, இடம் மாற்றி, மீண்டும் நோக்கி இணைத்தார். பொறிவாளின் விரைவில் தொடங்கியவர், ஊசிக்காரியின் பொறுமைக்கு வந்து சேர்ந்தார்.

2007ஆம் ஆண்டு இத்தாலியில் வெனிசு நகரத்தின் பெருங்கண்காட்சியில் அவருடைய திரைகள் தொங்கின. அதே காலத்தில் அந்நகரின் பழைய மாளிகை ஒன்றின் முகப்பையே அவருடைய மற்றொரு திரை போர்த்திருந்தது. 2015இல் அக்கண்காட்சியார், வாழ்நாள் பணிக்குரிய பொற்சிங்க விருதினை அவர்க்கு வழங்கினர். 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் வரை, இலண்டனில் தேம்சு ஆற்றங்கரையில் உள்ள டேட்டு கலைக்கூடத்தின் பெருமண்டபத்தில், 'செந்நிலவின் பின்னே' என்னும் படைப்பு நின்றது. மின்னாற்றல் நிலையமாக இருந்து கலைக்கூடமான கட்டடம் அது. வாயிலில் காற்றுப் புடைத்த கப்பற்பாய் போல ஒரு சிவந்த திரை. மண்டபத்தின் கடைசியில் கரிய பெருஞ்சுவர் போல ஒரு திரை. சருக்கரை ஆலை நடத்திச் செல்வம் ஈட்டிய என்றி டேட்டு என்பவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் அக்கப்பற்பாய் விரிந்தது என்பதை அறிந்தோர், அதனடியில் சிறிது நேரம் வாய்பேசாது நின்றிருப்பர்.

அவருடைய திரைகளை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்கு அனுப்பும் முறை எளிது. உலோகமாயினும் துணிபோல் மடியும். மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம். பெட்டியைத் திறக்கும் அருங்காட்சியகத்தார், எங்கே மடிப்பு விழவேண்டும், எங்கே சரிவு அமையவேண்டும் என்று சிற்பியின் கட்டளையைத் தேடுவர். கட்டளை ஏதும் இராது. சுவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, ஏணிமேல் ஏறி, அவர்களே ஒரு வடிவம் காண வேண்டும். ஓரூரில் அலைபோல் தொங்கியது மற்றோரூரில் மலைச்சரிவுபோல் தொங்கும். மீண்டும் கழற்றி மடிக்கும்போது, சில மூடிகள் உரசி மெல்ல ஒலிக்கும்.